துண்டு போட்ட நாற்காலி

புரட்டாசி பிறந்துவிட்டால் எங்கள் பள்ளிக்கூடத்தில் பாடம் பெயருக்குத்தான் நடக்கும். கொலு, கோலாட்டம், சரஸ்வதி பூஜை, விஜயதசமிக்கு வந்து சேரும் அழுமூஞ்சிகள், தீபாவளி, அடைமழைக்கு ஒரு விடுமுறை என்று கார்த்திகை வரைக்கும் ஒன்று போனால் ஒன்று வந்துகொண்டே இருக்கும். சிதம்பரத்தில் தேரோடும் வீதிக்குப் பின்னால் ஓடு வேய்ந்த நீளமான கட்டடம் அது. பெண் பிள்ளைகளுக்கு மட்டுமான ஆரம்பப் பள்ளி. நான் அப்போது ஐந்தாம் வகுப்பு. யுத்தம் முடிந்த வருஷம்.

யுத்தம் முடிந்துவிட்டது என்று ஊரெல்லாம் சொன்னார்கள். எங்கள் வீட்டில் முடியவில்லை. அப்பா லாரி ஓட்டுகிறவர். நான் ஒன்றாம் வகுப்பில் இருந்தபோது ராணுவத்தில் டிரைவராகச் சேர்ந்து சிங்கப்பூருக்குக் கப்பல் ஏறினார். சிங்கப்பூர் ஜப்பான்காரன் கைக்குப் போன பிறகு அவரிடமிருந்து ஒரு கடுதாசியும் இல்லை. செத்துவிட்டார் என்று சர்க்கார் சொல்லவில்லை. இருக்கிறார் என்றும் சொல்லவில்லை. இருக்கிறார் என்று சொன்னவள் அம்மா ஒருத்திதான். அவள் நெற்றியில் பொட்டும் தலையில் பூவும் கழுத்தில் தாலியும் இருந்த இடத்தில் இருந்தன. தீபாவளிதோறும் கண்ட்ரோல் துணிக்கடையில் வரிசையில் நின்று அப்பாவுக்கு ஒரு வேட்டி வாங்குவாள். முனையில் மஞ்சள் தடவி, சாமி முன்னால் வைத்து, டிரங்குப் பெட்டியில் போடுவாள். எனக்கு மட்டும் ஒரு வருஷம் பாவாடை கிடைக்கும், ஒரு வருஷம் கிடைக்காது. அதில் எனக்குக் கோபம் உண்டு. ஆனால் வேட்டியை நிறுத்து என்று நான் ஒருநாளும் சொன்னதில்லை.

வீட்டுக்குப் பெரியவர் பெரியப்பா. விறகு மண்டி வைத்திருந்தார். கெட்டவர் என்று சொல்லிவிட்டால் எனக்கு வேலை சுலபம், ஆனால் அவர் கெட்டவர் இல்லை. தம்பி பேச்சை எடுத்தால் மூக்கை உறிஞ்சுவார். உறிஞ்சி முடித்ததும் அதே பாட்டைப் பாடுவார்.

"எத்தினி நாளைக்கு இப்பிடி? சண்டையே முடிஞ்சிபோச்சி. வர வேண்டியவன்லாம் வந்துட்டான். தம்பிக்கு செய்ய வேண்டிய காரியத்த செஞ்சாத்தான் அவன் ஆத்மா அடங்கும். தை பொறக்கட்டும், செஞ்சிடலாம்."

காரியம் செய்தால் அம்மாவின் பொட்டை அழிப்பார்கள், தாலியைக் கழற்றுவார்கள் என்பது எனக்குத் தெரியும். காரியம் என்றால் அப்பாவைக் கொல்வது. ஒன்பது வயதில் எனக்கு அப்படித்தான் புரிந்தது. இத்தனை வயதுக்குப் பிறகும் அதைவிட நல்ல விளக்கம் எனக்குக் கிடைக்கவில்லை. பெரியப்பா பேசப் பேச, அம்மா அம்மியில் மிளகாய் அரைக்கிற சத்தம் கொஞ்சம் ஜாஸ்தியாகும்.

அந்த வருஷ நவராத்திரிக்குப் பள்ளிக்கூடத்துக் கூடத்தில் பெஞ்சுகளை அடுக்கிக் கொலு வைத்தோம். நடுவில் ஒரு கம்பம் நட்டு, அதன் உச்சியிலிருந்து வண்ணக் கயிறுகளைத் தொங்கவிட்டுப் பின்னல் கோலாட்டம். ஆளுக்கொரு கயிற்றைப் பிடித்துக்கொண்டு உள்ளும் புறமுமாகச் சுற்றினால் கயிறுகள் சடைபோலப் பின்னிக்கொள்ளும். ஒருத்தி தப்படி வைத்தால் போதும், எல்லாருமே சிக்கிக்கொண்டு நிற்போம். தப்படி வைக்கிறவளை நான் கோலாலேயே தட்டுவேன் என்பதால் என் பக்கத்தில் நிற்க யாருக்கும் ஆசை கிடையாது.

ஆட்டம் பார்க்க வந்த தாய்மார்களுக்கு முடிவில் வெற்றிலை பாக்கும் குங்குமமும் கொடுப்பது வழக்கம். எங்கள் தெருவில் எதிர்வீட்டு அம்மாள்தான் தட்டை ஏந்தி வந்தாள். ஒவ்வொருத்தராகக் கொடுத்துக்கொண்டே வந்தவள் அம்மா முன்னால் வந்ததும் நின்றாள். குங்குமச் சிமிழை வலது கையிலிருந்து இடது கைக்கு மாற்றினாள். அம்மாவைத் தாண்டி அடுத்தவளிடம் போவதற்குத் திரும்பினாள். சுண்டல் பொட்டலம் கட்டிக்கொண்டிருந்த நான் எல்லாவற்றையும் பார்த்தேன்.

அம்மா எழுந்து நின்றாள். நீட்டாத தட்டிலிருந்து தானே ஒரு சிட்டிகை குங்குமம் எடுத்தாள். நெற்றியில் ஒன்று, வகிட்டில் ஒன்று, தாலியில் ஒன்று. பிறகு வெற்றிலையையும் எடுத்துக்கொண்டு, "வரேங்க" என்று சொல்லிவிட்டு நடந்தாள். எதிர்வீட்டு அம்மாளுக்கு வாய் திறந்தபடியே இருந்தது. எனக்கு அவளைப் பார்த்து நாக்கைத் துருத்த வேண்டும்போல இருந்தது. துருத்தினேன்.

விஜயதசமி கழிந்து விடுமுறை விட்டதும் அம்மா என்னைக் கடலூருக்கு அழைத்துப் போனாள். மாதாமாதம் அவள் போகிற பயணம் அது. அங்கே மஞ்சக்குப்பத்தில் பட்டாளத்துக்குப் போனவர்களின் குடும்பங்களுக்கென்று ஒரு ஆபீஸ் இருந்தது. சிதம்பரம் ஸ்டேஷனில் ரயில் வந்து நிற்பதற்குள் ஆட்கள் ஜன்னல் வழியாகத் துண்டை வீசி இடம் பிடித்துவிட்டார்கள். பெட்டிக்குள் ஏறிப் பார்த்தால் பலகை முழுக்க ஆளில்லாத துண்டுகள். ஆள் இல்லையே என்று உட்காரப் போனால் பக்கத்தில் இருக்கிறவர் "ஆள் வருது" என்பார். அத்துடன் பேச்சு முடிந்தது. துண்டை எடுத்துப்போட்டுவிட்டு உட்காருகிற தைரியம் நம் பக்கத்தில் யாருக்கும் வராது. அம்மாவும் நானும் கடலூர் வரைக்கும் நின்றுகொண்டே போனோம்.

ஆபீசில் குமாஸ்தா அம்மாவைப் பார்த்ததுமே பேனாவை வைத்துவிட்டார். "தகவல் வந்தா நாங்களே சொல்லி அனுப்புறோம்னு எத்தினி தடவம்மா சொல்றது? நீங்க எதுக்கு மாசாமாசம் அலையிறீங்க?"

"நான் வந்துக்கிட்டு இருந்தாத்தான் நீங்க தேடிக்கிட்டு இருப்பீங்க" என்றாள் அம்மா.

திரும்பும்போது அதே ஊரில் திருப்பாதிரிப்புலியூர்ப் பக்கம் ஒரு போட்டோ ஸ்டூடியோ வாசலில் கொஞ்ச நேரம் நின்றோம். அப்பா கப்பல் ஏறுமுன் காக்கி உடுப்பில் படம் எடுத்துக்கொண்டது அங்கேதான். எங்கள் வீட்டுக் கூடத்தில் மாட்டியிருந்த அந்தப் படத்தில் அவர் சிரிப்பை அடக்கிக்கொண்டு நிற்பார். படத்துக்குக் கீழே அவர் வாங்கிப்போட்ட மர நாற்காலி. எங்கள் வீட்டில் இருந்த ஒரே நாற்காலி அதுதான்.

தீபாவளி முடிந்து மழை பிடித்துக்கொண்டது. பள்ளிக்கூடத்து ஓட்டில் ஒழுகாத இடம் பார்த்து நாங்கள் நகர்ந்து நகர்ந்து உட்கார்ந்திருந்த ஒருநாள், பெரிய டீச்சரம்மா எல்லா வகுப்புகளையும் கூடத்துக்குக் கூப்பிட்டார். அவர்தான் தலைமையாசிரியை. கடலூர்க்காரர். வெள்ளைச் சேலையும் கைக்கடிகாரமுமாக வருவார். குரலை உயர்த்தமாட்டார், உயர்த்த வேண்டிய தேவையும் அவருக்கு வந்ததில்லை. முந்தின யுத்தம் முடிந்த நாளை நவம்பரில் வெள்ளைக்காரர்கள் நினைவு கொண்டாடுவார்களாம். அதை ஒட்டி நம் பள்ளியிலும் ஒரு விழா, நம் பிள்ளைகளின் வீடுகளிலிருந்து யுத்தத்துக்குப் போன ஆண்களுக்கு மரியாதை செய்யப்போகிறோம், தாசில்தார் வருகிறார் என்றார். திரும்பி வந்தவர்கள் நாற்காலியில் உட்காருவார்கள். வராதவர்களுக்கு அவர்கள் படத்தைக் கொண்டுவாருங்கள்.

எனக்குத் தலைகால் புரியவில்லை. அப்பா படம் தாசில்தார் முன்னால்! அம்மாவும் சந்தோஷமாகத்தான் படத்தைச் சுவரிலிருந்து இறக்கித் துடைத்துக் கொடுத்தாள். ஒரு வாரம் சிவப்புக் காகிதத்தை வெட்டி, கம்பியில் சுற்றி, பசை தடவிப் பூப்பூவாகச் செய்தோம். மழையில் பூமாலைக்கு எங்கே போவது என்று பெரிய டீச்சரம்மா சொன்ன யோசனை. எத்தனையோ பூக்கள் என் கையால் செய்தவை. எதற்கு என்று நான் கேட்கவில்லை. வருகிறவர்களுக்குப் போடுவதற்கு என்றுதான் நினைத்தேன்.

விழாவுக்கு முந்தின நாள் ஒத்திகை. கூடத்தில் நாற்காலிகள் வரிசையாக இருந்தன. ஒரு நாற்காலியில் அப்பா படம் சாய்த்து வைத்திருந்தது. படத்துக்கு மாலை போட்டிருந்தது.

நம் வீடுகளில் எந்தப் படத்துக்கு மாலை போடுவார்கள் என்று நான் யாருக்கும் சொல்ல வேண்டியதில்லை. நான் ஓடிப்போய் அந்த மாலையைக் கழற்றினேன். அவசரத்தில் இரண்டு பூ பிய்ந்து விழுந்தது. பெரிய டீச்சரம்மா என் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார். நான் நிற்கவில்லை. மழையில் வீடு வரைக்கும் ஓடினேன்.

அம்மா என்னைத் துவட்டக்கூட இல்லை. குடையை எடுத்தாள். நாங்கள் போனபோது பெரிய டீச்சரம்மா தனியாகக் கூடத்தில் நின்று பிய்ந்த பூவைப் பசை வைத்து ஒட்டிக்கொண்டிருந்தார்.

"தப்பா நெனச்சிக்காதீங்கம்மா" என்றார். "வந்தவங்களுக்கும் மாலை, வராதவங்களுக்கும் மாலை. ஒரு வித்தியாசமும் தெரியக்கூடாதுன்னுதான் அப்பிடி செஞ்சேன். தலைவருங்க படத்துக்கு ஊர்வலத்துல மாலை போட்டு எடுத்துக்கிட்டு போறதில்லியா?"

"வித்தியாசம் இருக்குங்க டீச்சரம்மா. வந்தவங்களுக்கு மால போட கழுத்து இருக்கு."

பெரிய டீச்சரம்மா ஒட்டிக்கொண்டிருந்த பூவைக் கீழே வைத்தார். பிறகு மெதுவாகச் சொன்னார். "உங்க வீட்டுப் பெரியவர கேட்டுட்டுத்தான் செஞ்சேன். போடுங்க, அப்பிடியாவது அந்தப் பொண்ணு மனசு தெளியட்டும்னு சொன்னாரு."

அம்மாவின் கை என் தோளில் இருந்தது. அது இறுகியது. நாளைக்குத் தாசில்தார் கையால் ஊரறிய அந்தப் படத்துக்கு மாலை விழுந்துவிட்டால் அதற்குப் பிறகு தை வரைக்கும்கூடக் காத்திருக்க வேண்டியதில்லை. யார் வேண்டுமானாலும் சிமிழைக் கை மாற்றலாம். பெரியப்பா நினைத்தது அதுதான். அது எனக்கே புரிந்தது என்றால் அம்மாவுக்குப் புரியாமல் இருக்குமா?

"படத்த குடுத்துடுங்க" என்றாள் அம்மா.

"அப்ப அவரு விழாவுல இல்லாமலே போயிடுவாரேம்மா. எல்லார் வீட்டு ஆம்பளைங்களுக்கும் மரியாதை நடக்கும்போது..."

"ஏன் இல்லாம போவாரு? நாற்காலி போடுங்க. மாலைய எம்பொண்ணு கையில குடுங்க. அவுங்க வந்ததும் அவ போடட்டும்."

"காலி நாற்காலியப் பாத்து யாராவது கேட்டா?"

"கேட்டா பதில் சொல்ல அவ பக்கத்துல நிப்பா."

இதை அம்மா என்னைக் கேட்காமலே சொன்னாள். பெரிய டீச்சரம்மா என்னைப் பார்த்தார். நான் நிற்பேன் என்றேன். பல் கிட்டியிருந்தது, குளிரினாலும்தான்.

அன்றைக்கு ராத்திரி அம்மா எனக்கு ஒன்றும் சொல்லித்தரவில்லை. என்ன பேச வேண்டும் என்று நானே பாயில் படுத்துக்கொண்டு உருப்போட்டேன். இது எங்கள் அப்பா நாற்காலி, அவர் வந்ததும் நானே மாலை போடுகிறேன். இவ்வளவுதான். மறுநாள் காலையில் அம்மா எனக்குப் பின்னல் போட்டுவிட்டபோது சடை இழுத்த இழுப்பில் கண்ணில் தண்ணீர் வந்தது.

விழாவன்று கூடம் நிரம்பி வழிந்தது. மழைக்கு ஒதுங்கியவர்களும் உள்ளே வந்துவிட்டார்கள். மேடை என்று தனியாக இல்லை, முன்வரிசை நாற்காலிகள்தான். திரும்பி வந்த சிலர் உட்கார்ந்திருந்தார்கள். இரண்டு நாற்காலிகளில் படங்கள் இருந்தன. அந்த வீடுகளுக்குச் சர்க்கார் தந்தி வந்துவிட்டது, அவர்களுக்கு அழுது தீர்க்கவாவது முடிந்தது. கடைசி நாற்காலி காலி. அதற்குப் பக்கத்தில் இரண்டு கையிலும் மாலையை ஏந்திக்கொண்டு நான். எனக்கு அடுத்த நாற்காலியில் என் வகுப்புப் பெண் ஒருத்தியின் அப்பா. பர்மா பக்கம் சண்டைக்குப் போய்விட்டு முந்தின மாதம்தான் வந்திருந்தார். இடது கையில் இரண்டு விரல் இல்லை. காக்கிச் சட்டையும் வேட்டியும் தோளில் ஒரு துண்டும். அம்மா பெண்கள் பக்கத்தில் நின்றாள். பெரியப்பா ஆண்கள் பக்கத்தில் முதல் ஆளாக நின்றார். காலி நாற்காலியைப் பார்த்ததுமே அவர் முகம் சுருங்கிவிட்டது.

தாசில்தார் பேச ஆரம்பித்த பிறகு குடையை உதறிக்கொண்டு ஒரு மிராசுதார் உள்ளே வந்தார். யுத்த நிதி வசூலித்துக் கொடுத்தவர், பெரிய மனிதர், சரீரமும் பெரிது. நிற்க அவருக்குப் பழக்கமில்லை. கூட்டம் வழிவிட்டது. நேரே காலி நாற்காலிக்கு வந்தார்.

"ஐயா, இது எங்க அப்பா நாற்காலி" என்றேன்.

"அப்பாவா? எங்க அவரு?"

"வருவாரு."

அவர் என் கையிலிருந்த மாலையைப் பார்த்தார், சுற்றிலும் பார்த்தார். ஆண்கள் பக்கமிருந்து பெரியப்பா கையைக் கூப்பிக்கொண்டு முன்னால் வந்தார். "கொழந்த ஏதோ சொல்லுதுங்க. அவன் சிங்கப்பூர்லயே போயிட்டான்ங்க. நீங்க உக்காருங்க."

போயிட்டான். இத்தனை பேர் முன்னால், தாசில்தார் முன்னால், அந்தச் சொல்லைச் சொல்லியாகிவிட்டது. தாசில்தார் பேச்சை நிறுத்திவிட்டார். நான் உருப்போட்டதெல்லாம் மறந்துபோய்விட்டது. அம்மா பக்கம் திரும்பினேன். அவள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள், வரவில்லை. மிராசுதார் வேட்டியைத் தூக்கிக்கொண்டு திரும்பிக் குனிந்துவிட்டார். நான் கால்களை அகட்டி வைத்துக்கொண்டு நாற்காலியின் கையை இறுகப் பிடித்தேன். விடுவதாக இல்லை. என்னோடு சேர்த்து உட்கார்ந்தால் உட்காரட்டும்.

அப்போது என் முகத்துக்குப் பக்கத்தில் ஒரு துண்டு விசிறிக்கொண்டு போய் நாற்காலிப் பலகையில் விழுந்தது.

"ஆள் வருதுங்க" என்றார் பர்மாவிலிருந்து வந்தவர்.

மிராசுதார் பாதிக் குனிந்தபடி நின்றார். "அவரு எறந்துட்டாருன்னு அண்ணங்காரரே சொல்றாரேய்யா?"

"அவரு பாத்தாருங்களா? நான் பாக்கலிங்க. நான் செத்துட்டன்னுதான் எங்க ஊட்டுல ரெண்டு வருசம் சொல்லிக்கிட்டு இருந்தாங்க. ஆள் வருது. எடம் புடிச்சி வெச்சிருக்கு."

சொல்லிவிட்டு அவர் நேராக உட்கார்ந்து தாசில்தாரைப் பார்த்தார். துண்டு கிடக்கிற இடத்தில் உட்காருவது மிராசுதாராலும் முடியவில்லை. தொண்டையைச் செருமிக்கொண்டு சுவரோரமாகப் போய் நின்றார். யாரோ ஒருவர் சிரித்தார், பிறகு நாலு பேர் சிரித்தார்கள். தாசில்தார் விட்ட இடத்திலிருந்து பேச ஆரம்பித்தார். ஒவ்வொருவராக மாலை போட்டுக்கொண்டு வந்தவர் என்னிடம் வந்ததும் துண்டைப் பார்த்தார், என் கையிலிருந்த மாலையைப் பார்த்தார். "அப்பா வந்ததும் சொல்லி அனுப்பும்மா" என்று சொல்லிவிட்டுத் திரும்பினார். அந்த மனிதரை எனக்கு இன்றைக்கும் பிடிக்கும்.

கூட்டம் கலைந்த பிறகு துண்டை மடித்து அவரிடம் கொடுக்கப் போனேன்.

"மாமா, உங்க துண்டு."

"இருக்கட்டும் பாப்பா, எடுத்துக்கிட்டு போ. எடுத்துட்டா வேற எவனாவது உக்காந்துடுவான்."

அம்மா அவரைப் பார்த்துக் கும்பிட்டாள். அப்போதுதான் அழுதாள். அவள் அழுது நான் பார்த்தது அந்த ஒரு தடவைதான்.

வீட்டுக்கு வந்ததும், பெரிய டீச்சரம்மாவிடமிருந்து திரும்ப வாங்கிய அப்பா படத்தை அதே ஆணியில் மாட்டினாள். துண்டைக் கீழே இருந்த நாற்காலியில் விரித்தாள். பெரியப்பா தலை குனிந்து கைகால் கழுவி உள்ளே வந்து, அதைப் பார்த்துக்கொண்டு ரொம்ப நேரம் நின்றார். சாப்பாடு போடச் சொன்னார். காரியம் என்ற பேச்சைத் தையிலும் எடுக்கவில்லை, அடுத்த தையிலும் எடுக்கவில்லை. பல வருஷம் கழித்து ஒருதடவை, காணாமல் போனவர்களுக்குப் பன்னிரண்டு வருஷம் பார்த்துவிட்டுக் காரியம் செய்வது வழக்கம் என்று இழுத்தார். அம்மா நாற்காலியைக் காட்டினாள். அவரும் சரி என்றார். அடுத்த நவராத்திரியிலிருந்தே எதிர்வீட்டு அம்மாள் எங்கள் வீட்டுக்குத் தானாக வந்து அம்மாவுக்குக் குங்குமம் கொடுத்துவிட்டுப் போனாள். என் நாக்குக்குப் பயந்து என்று நான் சொல்லிக்கொள்வேன்.

கடலூருக்குப் போவதை அம்மா அந்த ஆபீஸ் மூடுகிற வரைக்கும் விடவில்லை. நான் படித்தேன், டீச்சர் டிரெயினிங் முடித்தேன், சுற்றுவட்டாரப் பள்ளிகளில் எத்தனையோ புரட்டாசிகளில் கொலு வைத்தேன், கோலாட்டக் கயிறு பிடித்தேன். வருஷா வருஷம் தீபாவளிக்கு அந்தத் துண்டைத் துவைத்து உலர்த்தி மறுபடி விரிப்பது என் வேலை. அது நைந்து போனபோது அம்மா வேறு துண்டு வாங்கினாள்.

அம்மா போனது எனக்கே தலை நரைத்த பிறகு. உறவுக்காரர்களில் ஒருத்தி என்னைத் தனியாகக் கூப்பிட்டு, பொட்டு வைக்கலாமா என்று கிசுகிசுத்தாள். மஞ்சள் பூசி, பெரிதாகப் பொட்டு வைத்து, தலை நிறையப் பூ வைத்து அம்மாவை அனுப்பினேன். பிறகு அவள் படத்தை அப்பா படத்துக்குப் பக்கத்தில் மாட்டி, மாலை போட்டேன். அவள் படத்துக்கு மட்டும்.

நான் கணக்குச் சொல்லிக்கொடுத்து வயிறு வளர்த்தவள். அப்பாவுக்கு அப்போது என்ன வயது ஆகியிருக்கும் என்று எனக்குத் தெரியாதா? அம்மாவைப் போல நான் நம்பினேன் என்று சொன்னால் பொய். அவளுக்காகத்தான் துவைக்கிறேன், அவளுக்காகத்தான் விரிக்கிறேன் என்றே இருந்தேன். இனி யாருக்காக என்றும் அன்றைக்கு நினைத்தேன். துக்கம் கேட்க வந்தவர்களால் வீடு நிரம்பியிருந்தது. உட்கார இடமில்லை. வயதான ஒருவர் தடியை ஊன்றிக்கொண்டு வந்து, படங்களுக்குக் கீழே இருந்த நாற்காலியில் உட்காரப் போனார். நான் எங்கேயோ வாசல் பக்கம் நின்று யாருடனோ பேசிக்கொண்டிருந்தேன். என் குரல்தான் அவ்வளவு சத்தமாகக் கேட்டது என்று எல்லாரும் என்னைத் திரும்பிப் பார்த்தபோதுதான் எனக்கே தெரிந்தது.

"அங்க உக்காராதீங்க. ஆள் வருது."